நகரத்து அடுக்களையும் காணாத அப்பமும்

கிரேக்க மொழி பேசுவோர் அடைமொழி ஏதுமின்றி 'நகரம்' என்று சொன்னால் அது தங்கள் தலைநகரான ஏதென்ஸைக் குறிக்காது, கான்ஸ்தாந்திநோபிளையே குறிக்கும். இன்று உலகம் வழங்கும் இஸ்தான்புல் என்ற பெயரும், 'நகருக்குள்' எனப் பொருள்படும் பழைய கிரேக்கத் தொடரின் திரிபே என்பர் சொல்லாராய்ச்சியாளர். பேரரசுகள் மாறின, கொடிகள் மாறின, தொழுகை மொழிகள் மாறின. பெயருக்குள் ஒளிந்திருந்த கிரேக்கம் மட்டும் வெளியேறவில்லை. மக்கள்தாம் வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த வெளியேற்றத்தை அடுக்களையின் வழியாகச் சொல்லும் கிரேக்கத் திரைப்படம் ஒன்று 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்குநர் டாசோஸ் புல்மெடிஸ். ஆங்கிலத்தில் 'எ டச் ஆஃப் ஸ்பைஸ்' என்று பெயரிட்டார்கள். மூலப்பெயரோ 'பொலிடிக்கி குசீனா'. இப்பெயரில் ஒரு சிலேடை உண்டு. அழுத்தக்குறி ஓர் எழுத்தின்மேல் விழுந்தால் 'நகரத்துச் சமையல்' என்று பொருள். இன்னோர் எழுத்தின்மேல் விழுந்தால் 'அரசியல் சமையல்'. பெரிய எழுத்துக்களில் அச்சிடும்போது அழுத்தக்குறி இடுவதில்லையாதலால் இரண்டு பொருளும் ஒருங்கே நிற்கும். இச்சிலேடையை ஆங்கிலப் பெயர் தொலைத்துவிட்டது. வாசனை மட்டும் எஞ்சியது. படத்தைப் பற்றி நான் சொல்லவிருக்கும் குறைக்கும் இந்த இழப்புக்கும் தொடர்பு உண்டு.

கதை எளியது. ஏதென்ஸில் வானியற்பியல் கற்பிக்கும் ஃபானிஸ் என்ற நடுவயதினர், இஸ்தான்புல்லிலிருந்து தம்மைக் காண வருவதாக ஆண்டாண்டாகச் சொல்லியும் வராத தம் தாத்தாவுக்காகக் காத்திருக்கிறார். இம்முறையும் தாத்தா வரவில்லை. நோயுற்றார் என்ற செய்தியே வருகிறது. நினைவு பின்னோக்கி நகர்கிறது. தாத்தா வசீலிஸ் இஸ்தான்புல்லில் மசாலாக் கடை வைத்திருந்தவர். பேரன் அந்தக் கடையில்தான் வானநூல் கற்றான். மிளகு கதிரவன், சுடும், எல்லாவற்றையும் தழுவி நிற்கும். இலவங்கப்பட்டை வெள்ளிக்கோள்; இனிக்கவும் செய்யும், கசக்கவும் செய்யும். உப்பு நாம் வாழும் பூமி. உணவியலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குள் வானியலைக் குறிக்கும் சொல் அடங்கியிருக்கிறது என்று தாத்தா காட்டும் இடம் படத்தின் மிக அழகிய இடங்களுள் ஒன்று. இறைச்சி உருண்டையில் சீரகத்துக்குப் பதிலாக இலவங்கப்பட்டையைச் சேர்த்தால் உண்போர் ஒருவரையொருவர் கண்கொண்டு நோக்குவர் என்பதும் அவர் உபதேசமே.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். அந்தக் கடையின் கதிரவனாகிய மிளகு நம் மேற்குக் கரையின் கொடியில் காய்த்தது. பல நூற்றாண்டுகள் கப்பலிலும் ஒட்டகத்திலும் பயணம் செய்து அந்நகரின் அங்காடியை அடைந்தது. எங்கோ விளைந்த பொருள் அங்கே தாத்தாவின் ஞானமாக மாறியதில் வியப்பொன்றுமில்லை. மசாலாவின் இயல்பே அதுதான். பயணம் செய்யும், கெடாது, சிறு பொட்டலத்தில் அடங்கும், எந்த ஊரிலும் திறந்தவுடன் மணக்கும்.

ரொட்டி அப்படிப்பட்டதன்று. மாவைப் புளிக்கவைக்கும் காற்று வேண்டும், அடுப்பு வேண்டும், விடியுமுன் எழும் ரொட்டிக்காரர் வேண்டும், விடிந்ததும் வந்து வாங்கும் தெரு வேண்டும். நேற்றைய ரொட்டியை நாளைக்கு எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே ஒரு நகரத்தில் பல இனத்தவர் கூடி வாழ்ந்தார்களா, எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்பினால் மசாலாக் கடையைவிட ரொட்டிக் கடையே நம்பத்தக்க சாட்சி என்பது என் கருத்து. மிளகுக்கும் இலவங்கப்பட்டைக்கும் கிடைத்த சிம்மாசனம் இப்படத்தில் ரொட்டிக்குக் கிடைக்கவில்லை. நினைவை எழுப்பும் பொருளைத் தேடிய இயக்குநர் எளிதில் நினைவாகக்கூடியதையே தேர்ந்துகொண்டார்.

தேர்ந்துகொள்ளாமல் விட்டது எத்துணை வளமானது என்பதைச் சற்றுப் பார்ப்போம். கான்ஸ்தந்தீன் பேரரசர் தாம் நிறுவிய புதுத் தலைநகரில் 332-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் மக்களுக்கு இலவச ரொட்டி வழங்கும் முறையைத் தொடங்கினார். நாளொன்றுக்கு 80,000 பங்குகள். எகிப்தின் கோதுமை கடல் கடந்து வந்தது. எகிப்து கைநழுவிய காலத்தில், 618-இல், அம்முறை நின்றது. பத்தாம் நூற்றாண்டில் அந்நகரத் தொழில்களுக்கு வகுக்கப்பட்ட சட்டநூலில் ரொட்டி சுடுவோருக்கென ஒரு தனிச் சலுகை இருக்கிறது. அரசின் எந்தக் கட்டாய வேலைக்கும் அவர்களையோ அவர்களுடைய விலங்குகளையோ இழுக்கக் கூடாது. ரொட்டி சுடுவது ஒரு நாளும் தடைப்படக் கூடாது. அரண்மனை காத்திருக்கலாம், அடுப்பு காத்திருக்கலாகாது என்று எண்ணிய ஆட்சி அது.

1453-இல் நகரம் உதுமானியர் கைக்குச் சென்ற பின்னும் அடுப்பு அணையவில்லை. எள் ஒட்டிய வளைய ரொட்டியாகிய சிமித்தின் எடையையும் விலையையும் 16-ஆம் நூற்றாண்டு நீதிமன்றப் பதிவேடுகளிலேயே காணலாம். தெசலோனிக்காவில் கிரேக்கர் 'குலூரி' என்று வாங்கி உண்பது இதன் உடன்பிறப்பு. வெள்ளை ரொட்டிக்கு 'பிரான்ஜலா' என்று பெயர். மேலைநாட்டாராகிய பிராங்கியரின் சாயல் அப்பெயரிலேயே தெரிகிறது. நோன்பு மாதத்தில் மாலைத் தொழுகைக்கு முன் மக்கள் வரிசையில் நின்று வாங்கும் 'பிடே' கருஞ்சீரகம் தூவப்பட்டது. கிரேக்கரின் 'பீட்டா' அதற்கு உறவுச்சொல். ஆண்டின் முதல் நாளில் புனித பசிலியாரின் பெயரால் கிரேக்கர் சுடும் ரொட்டிக்குள் ஒரு காசு மறைந்திருக்கும். யார் துண்டில் அது கிடைக்கிறதோ அவருக்கு அவ்வாண்டு நற்பேறு. உயிர்ப்புப் பெருவிழாவிற்குக் கிரேக்கரும் ஆர்மீனியரும் மூன்று புரியாகப் பின்னிச் சுடும் இனிப்பு ரொட்டியில் காட்டுச் செர்ரிக் கொட்டையின் பருப்புப் பொடியும், கியோஸ் தீவின் மஸ்திகிப் பிசினும் மணக்கும். இதற்குத் துருக்கியர் இட்ட பெயர் 'பாஸ்கல்யா சோரேயி', அதாவது பாஸ்கா ரொட்டி. பெயரில் பாஸ்கா இருப்பதைப் பொருட்படுத்தாமல் இசுலாமியக் கடைக்காரர்களும் இன்று அதைச் சுடுகிறார்கள். ஆண்டு முழுவதும் அது கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆலயத்து அப்பம். கீழைத் திருச்சபையினர் நற்கருணைக்குப் புளித்த மாவால் ஆன அப்பத்தையே பயன்படுத்துகின்றனர். இயேசு கிறிஸ்து வெல்கிறார் என்ற பொருள்தரும் எழுத்துக்கள் பொறித்த மரமுத்திரையை அதன்மேல் பதித்துச் சுடுவர். வசீகரம் செய்யப்படாத எஞ்சிய பகுதியைத் திருவழிபாட்டின் முடிவில் எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பர். 'கொடைக்கு ஈடாக' என்பது அதன் பெயருக்குப் பொருள். நற்கருணை உண்ண இயலாதவரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. நாம் விண்ணகத் தந்தையை நோக்கி அனுதின 'உணவு' கேட்கிறோம். கிரேக்கர் 'ஆர்ட்டோஸ்' கேட்கிறார்கள். அந்தப் பழஞ்சொல் இன்று மன்றாட்டிலும் ரொட்டிக் கடைப் பெயர்ப்பலகையிலும் மட்டுமே வாழ்கிறது. அன்றாடப் பேச்சில் ரொட்டிக்கு அவர்கள் வழங்கும் சொல் 'ப்சோமி'. அதன் மூலச்சொல்லுக்குத் துண்டு, கவளம் என்று பொருள். இறுதி இரவுணவில் இயேசு தோய்த்து யூதாசுக்குக் கொடுத்த துண்டைக் குறிக்க யோவான் நற்செய்தி ஆள்வதும் அச்சொல்லையே. ரொட்டியின் பெயருக்குள்ளேயே பகிர்வும் காட்டிக்கொடுத்தலும் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

அப்பத்தை முன்னிட்டுத் திருச்சபை இரண்டான வரலாறும் இந்நகருக்கே உரியது. கத்தோலிக்க வாசகர்கள் இதைக் கடந்து செல்லலாகாது. இயேசு பாஸ்கா உணவையே உண்டார், ஆகவே புளிப்பற்ற அப்பமே முறை என்றனர் இலத்தீன் திருச்சபையினர். அவ்விருந்து பாஸ்காவுக்கு முந்தியது என்று யோவான் காட்டுகிறார், மேலும் புளிப்பு மாவே உயிருள்ள மாவு என்றனர் கிரேக்கர். இரு தரப்பிலும் விவிலியம் இருந்தது, பொறுமைதான் இல்லை. நகரத்திலிருந்த இலத்தீன் ஆலயங்கள் மூடப்பட்டன. முதுபெரும் தந்தையின் அலுவலர் ஒருவர் புளிப்பற்ற நற்கருணையைக் காலால் மிதித்தார் என்று இலத்தீன் தரப்பு குற்றஞ்சாட்டியது. 1054-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கர்தினால் ஹும்பெர்ட் ஹாகியா சோபியாவின் பலிபீடத்தின்மேல் சபைநீக்க ஆணையை வைத்துவிட்டு வெளியேறினார். பிரிவினைக்குக் காரணங்கள் பல. எனினும் அன்றைய எழுத்துக்களில் முதலிடம் பெற்றது அப்பமே. 1439-இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் இருவகை அப்பமும் செல்லும் என்று அறிவித்தபோது காலம் கடந்துவிட்டது. அதற்கு முன்பே, 1204-இல், சிலுவை தரித்த நம் படையினர் அந்நகரைச் சூறையாடியிருந்தனர். அதற்காகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2001-ஆம் ஆண்டு ஏதென்ஸில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

இதையெல்லாம் ஒரு திரைப்படம் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால் மசாலாவை நடுவில் வைத்ததால் இயக்குநருக்கு ஒரு வசதி கிடைத்துவிட்டது. கூட்டுவாழ்வு இனித்தது, அரசியல் வெளியிலிருந்து வந்து அதைக் கெடுத்தது என்று சொல்லும் வசதி. அடுப்படியின் வரலாறு அப்படிச் சொல்ல விடாது. 1942-இல் விதிக்கப்பட்ட சொத்துவரி சிறுபான்மையினரின் முதுகெலும்பை முறித்தது. 1955 செப்டம்பர் 6, 7 நாள்களில் கிரேக்கரின் கடைகளும் வீடுகளும் ஆலயங்களும் கல்லறைகளும் சூறையாடப்பட்டன. அதற்கு வந்த கும்பலில் பலர் வெளியூரினர். ஆயினும் எது யாருடைய கடை என்று வழிகாட்ட உள்ளூர்க்காரர்களும் வேண்டியிருந்தது. படம் தன் கதையை 1955-க்குப் பின்னரே தொடங்குகிறது. அந்த இரவின் நிழல் தாத்தாவின் கடைமேல் அழுத்தமாக விழவில்லை.

சைப்ரஸ் பூசல் முற்றிய 1964-இல் துருக்கி அரசு 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கையை முறித்துக்கொண்டு, நகரில் வாழ்ந்த கிரேக்கக் குடியுரிமையுள்ளோரை வெளியேற்றியது. அவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். துருக்கிக் குடிமக்களாகிய மனைவி மக்களையும் உறவினரையும் சேர்த்தால் 30,000-க்கும் மேற்பட்டோர் புறப்பட்டனர் எனக் கணிக்கப்படுகிறது. எடுத்துச்செல்ல இசைந்தது 20 கிலோ சுமையும் 200 லிராவும். இயக்குநர் புல்மெடிஸும் அந்நகரில் பிறந்து 1964-இல் கிரேக்கம் சென்றவர். ஆகவே குடும்பம் பிரியும் காட்சிகளில் கண்ணீரை அவர் பிழியவில்லை. அது தானே கசிகிறது. தந்தை கிரேக்கக் குடியுரிமையுள்ளவர், போகத்தான் வேண்டும். தாத்தா துருக்கிக் குடிமகன், அவர் தங்கிவிடுகிறார். ஒரே மேசையில் உண்டவர்களை இரண்டு கடவுச்சீட்டுகள் பிரிக்கின்றன.

ஏதென்ஸ் பகுதியில் நகைச்சுவை மிகுதி. ஊர் பிரிந்த சிறுவன் ஓயாமல் சமைக்கிறான். கவலைகொண்ட பெற்றோர் அவனை அடுக்களைக்குள் விடாமல் தடுக்கின்றனர். துருக்கியில் கிரேக்கர் என்று விரட்டப்பட்டவர்கள் கிரேக்கத்தில் துருக்கியர் என்று பார்க்கப்படுகிறார்கள். அவர்கள் சமையலின் மணமே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. சிரித்துக்கொண்டே பார்க்கும் இக்காட்சிகள் உண்மையில் கொடியவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படத்தில் அடுப்பருகே நின்று உழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்; உணவின் தத்துவத்தைப் பேசும் உரிமை தாத்தாவுக்கும் பேரனுக்கும் வாய்க்கிறது. ஃபானிஸின் சிறுவயதுத் தோழி சைமேயோடு அமைந்த காதல் கிளைக்கதையும் மெலிந்ததே. துருக்கிய மக்களின் முகமாக ஒரு நல்ல பெண்ணை நிறுத்திவிட்டால் போதும் என்று எண்ணியதுபோல் தோன்றுகிறது.

இத்தனை குறைகளையும் தாண்டி இப்படத்தை நான் மதிப்பது ஓரிடத்தால். அதை ஐந்து விநாடி எனலாம். ஆண்டுகள் பல கழித்து ஏதென்ஸில் தந்தை சவ்வாஸ் வாய்திறக்கிறார். வெளியேற்ற ஆணையோடு வந்த அதிகாரி அவர் காதருகே குனிந்து, இசுலாத்தைத் தழுவினால் இங்கேயே இருந்துவிடலாம் என்று சொன்னார். சவ்வாஸ் மறுத்தார். ஆனால் மறுக்குமுன் ஐந்து விநாடி ஆயிற்று. தம் வாழ்வின் மிகக் கொடிய ஐந்து விநாடிகள் அவை என்கிறார் அவர். அந்நகரை அவர் அவ்வளவு நேசித்தார்.

மறைசாட்சிகளின் வரலாற்றை நாம் படிக்கும்போது மறுப்பை மட்டுமே படிக்கிறோம். மறுப்புக்கு முந்திய நேரத்தை எவரும் எழுதிவைப்பதில்லை. இங்கே ஒரு சாதாரணக் குடும்பத் தலைவர், புனிதரும் அல்லர் துரோகியும் அல்லர், அந்த நேரத்தின் நீளத்தை எண்ணிச் சொல்கிறார். அவர் ஆசைப்பட்டது பொன்னுக்கன்று. பழகிய தெருவுக்கு, பழகிய மேசைக்கு. விசுவாசத்தையும் ஊரையும் தராசின் இரு தட்டில் ஏற்றி ஒருவனை நிறுக்கச் சொல்வது எத்தகைய வன்முறை என்பதை இக்காட்சி பிரசங்கமின்றி உணர்த்துகிறது. அவர் தயங்கியதற்காக நாணுகிறாரா, மறுத்ததற்காக வருந்துகிறாரா என்பது தெளிவாக்கப்படவில்லை. தெளிவாக்காமல் விட்டதே இயக்குநரின் பெருமை. இந்த இடத்தில் தேர்ந்த கை, மற்ற இடங்களில் ஏன் சர்க்கரையைக் கொட்டியது என்பதே என் கேள்வி.

அதே 1964-ஆம் ஆண்டின் சனவரியில், எருசலேமில், திருத்தந்தை ஆறாம் சின்னப்பரும் கான்ஸ்தாந்திநோபிளின் முதுபெரும் தந்தை அத்தனாகோரஸும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். மறு ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் 1054-இன் சபைநீக்க ஆணைகள் நினைவிலிருந்து அகற்றப்பட்டன. அந்தத் தழுவலுக்கும் அந்த அகற்றலுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் அத்தனாகோரஸின் மந்தை ரயிலேறிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரம் ஆண்டுக் கோபம் ஆறியபோது, ஆலயத்தில் அப்பத்தைப் பெற நிற்போர் குறைந்துகொண்டே வந்தனர். 1923-இல் மக்கள் பரிமாற்றத்திலிருந்து விலக்குப் பெற்று நகரில் தங்கிய கிரேக்கர் ஒரு இலட்சத்துக்கு மேல். இன்று சில ஆயிரம்.

இப்போதெல்லாம் உணவு மரபு என்ற சொல் பெரிதும் மதிக்கப்படுகிறது. லவாஷ் எனும் மெல்லிய ரொட்டியை ஆர்மீனியாவின் பண்பாட்டு வெளிப்பாடாக யுனெஸ்கோ 2014-இல் தன் பட்டியலில் சேர்த்தது. இரண்டே ஆண்டில், 2016-இல், அதே ரொட்டியும் அதன் இனத்தவையும் அசர்பைஜான், ஈரான், கசகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய ஐந்து நாடுகளின் பெயரால் மற்றொரு பதிவு பெற்றன. ஆர்மீனியா அந்த ஐவரில் இல்லை. ஒரே கல்லடுப்பில் சுட்டதற்கு இரண்டு பத்திரங்கள்! பட்டியல் ரொட்டியைக் காக்கலாம். சுட்டவர்களைக் காப்பதாகத் தெரியவில்லை. இஸ்தான்புல்லின் கண்ணாடிப் பேழையில் பாஸ்கா ரொட்டி இருக்கிறது, பாஸ்கா கொண்டாடியவர்கள் இல்லை. அதைச் சுடும் துருக்கியரைக் குறைகூற மாட்டேன்; பெயரை மாற்றாமல் விற்கும் அவருடைய நேர்மை ஒரு சாட்சியமே. அந்நாட்டில் கீழே விழுந்த ரொட்டித் துண்டை எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, மிதிபடாத உயரத்தில் வைப்பார்கள். கடையில் இரண்டு ரொட்டிக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வோரும் உண்டு. மற்றது 'கொக்கியில் தொங்கும் ரொட்டி', இல்லாதவர் வந்து கேட்டு வாங்கிக்கொள்வார். கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. இத்தகைய மக்களே ஒருநாள் அண்டைவீட்டாரின் கதவு இடிபடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் மெய். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும் துணிவு படத்துக்கு வாய்த்திருந்தால் அது பெருங்காவியமாகியிருக்கும்.

படத்தின் முடிவில் ஃபானிஸ் தாத்தாவின் பாழடைந்த கடைக்குத் திரும்பி, எஞ்சிக் கிடக்கும் மசாலாப் பொடிகளைக் காற்றில் எறிகிறார். அவை மெல்லச் சுழன்று விண்மீன் கூட்டமாகின்றன. எவாந்தியா ரெபுட்சிகாவின் இசை அக்காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது. கண்ணுக்கு அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஐந்து விநாடியின் கனத்தை நெஞ்சில் சுமந்திருக்கும் பார்வையாளருக்கு அந்தப் பொடி சற்று இலேசாகவே தெரியும். பங்கு மன்றங்களிலும் இளைஞர் குழுக்களிலும் இப்படத்தைத் திரையிட எண்ணுவோர் தந்தை பேசி முடித்ததும் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிடுங்கள். கலந்துரையாடல் அங்கேயே நடக்கட்டும். எஞ்சிய பகுதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.